சுண்ணாம்புத் தொட்டியில் ஒரு சைக்கிள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. என் நண்பன் ரஃபீக் செய்த ஒரு முட்டாள்தனத்திலிருந்து வந்தது. நண்பர்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் என்னைப் போன்றவர்கள் எதை எழுதுவது?

திண்டுக்கல் கதை என்றதும் பூட்டு வரும், பிரியாணி வரும் என்று காத்திருப்பீர்கள். வராது. ஒரு அலுமினிய ரேஸ் சைக்கிளின் வெறும் ஃப்ரேம் வரும். அதில் சக்கரம்கூட இல்லை. இஷ்டமிருந்தால் வாசியுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "சிறுமலையின் மேல் மேகங்கள் கவிந்திருந்த ஒரு காலைப்பொழுதில் ரஃபீக்—"

[விட்டுவிட்டேன். ரஃபீக் காலையில் மலையைப் பார்க்கிறவன் இல்லை, போனைப் பார்க்கிறவன்.]

இரண்டாவது முயற்சி: "அவன் மனைவி பாஸிலா சைக்கிள் ஓட்டுவது வீட்டில் யாருக்கும் பிடிக்க—"

[பொய். மாமியார் காதர் பீவிதான் தினமும் டயரை அமுக்கிப் பார்த்து, காற்றுக் குறைந்தால் பம்பை எடுத்து வருகிறவர். வீட்டில் சண்டை இருந்தால் கதை தானாக ஓடும். என்ன செய்ய, இல்லை.]

சரி, இப்படி இருக்கட்டும். பாஸிலா கணக்கு டீச்சர். கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து பழைய ரேஸ் சைக்கிள் வாங்கினாள். ஓட்டம் நன்றாக இருந்தது, சிவப்புப் பெயிண்ட் மட்டும் பொரிந்து உரிந்துகொண்டிருந்தது. கடையில் கொடுத்துப் பவுடர் கோட்டிங் பூசுகிற செலவில் இன்னொரு பழைய சைக்கிளே வாங்கிவிடலாம். எனவே வீட்டிலேயே செய்வதென்று முடிவாயிற்று. சக்கரம், பெடல், பிரேக் எல்லாவற்றையும் அவளே கழற்றி, நட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதினாள். பெயிண்ட் ரிமூவர், மூன்று நம்பரில் உப்புத்தாள், பிரைமர், வெள்ளை ஸ்பிரே எல்லாம் நாகல் நகரில் வாங்கி அடுக்கினாள். அந்த நேரம் பார்த்து அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வத்தலக்குண்டிலிருந்து போன் வந்தது.

"பெயிண்ட மட்டும் உரிச்சு வைங்க. ரிமூவர் தடவி மெதுவா தேச்சா நாலு நாள்ல போயிரும். அவசரப்பட்டு எதையும் பண்ணிராதீங்க," என்றாள், ஊருக்குக் கிளம்பிக்கொண்டே.

"நா என்ன சின்னப் புள்ளையா?" என்றான் ரஃபீக்.

3

ரஃபீக் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், சூப்பர்வைசர். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டால் இரண்டு நாளில் முடி தானாகக் கழன்று வரும். பதினாறு வருஷமாக அவன் தினமும் பார்ப்பது அது. ஒரு மணி நேரம் உப்புத்தாளால் தேய்த்து உள்ளங்கை அளவு பெயிண்டை எடுப்பதற்குள் அவனுக்குத் தோள் விட்டுப்போயிற்று. அப்போதுதான் ஞானம் பிறந்தது. தோலில் முடி, ஃப்ரேமில் பெயிண்ட். என்ன பெரிய வித்தியாசம்?

வித்தியாசம் இருக்கிறது.*

* சுண்ணாம்புத் தண்ணீர் அலுமினியத்தைத் தின்னும். வேதியியல் படித்தவர்கள் இப்போது தலையில் அடித்துக்கொள்ளலாம். ரஃபீக் பி.காம்.

வியாழக்கிழமை காலை ஃப்ரேமைத் தொட்டியில் இறக்கினான். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தொட்டி வேலை பார்க்கும் சோலைமுத்து வந்து நின்றார்.

"பாய், ஒங்க சைக்கிளு கொதிக்குது."

"கொதிக்குதா?"

"சோடா கணக்கா நொரைக்குது பாய். ஆட்டுத்தோலு இம்புட்டு நொரைச்சு நான் பாத்ததில்ல."

"பெயிண்டு கழலுதுண்ணே. அப்பிடித்தேன் இருக்கும்."

"அப்பச் சரி," என்றார் சோலைமுத்து. ஆனாலும் அன்று முழுக்க அவர் அந்தத் தொட்டிப் பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து தூக்கிப் பார்த்தான். பெயிண்ட் போயிருந்தது. கூடவே கொஞ்சம் சைக்கிளும் போயிருந்தது. குழாயெல்லாம் கறுத்து, அடிப்பக்கம் அம்மை போட்ட முகம்போலக் குழிகுழியாக இருந்தது. சில குழிகளில் நகம் இறங்கியது.

4

இந்த இடத்தில் எனக்கு ரஃபீக் மேல் சந்தேகம் வருகிறது. ஒரு மனுஷன் என்ன செய்வான்? போன் போட்டு உண்மையைச் சொல்வான். ரஃபீக் பட்டி வாங்கினான். கார் ஒர்க்‌ஷாப்பில் ஒடுக்கை அடைப்பார்களே, அந்தப் பட்டி. குழிகளை அடைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, வெள்ளை அடித்தான். இந்த வேலையை மட்டும் எவ்வளவு பொறுமையாகச் செய்தான் என்கிறீர்கள்! எனக்கு எரிச்சலே அதுதான்.

பாஸிலா ஊரிலிருந்து வந்து ஃப்ரேமைத் தடவிப் பார்த்தாள்.

"மாஷா அல்லா! இம்புட்டு நைஸா எப்பிடிங்க தேச்சீங்க?"

"கையாலதேன்."

அந்தக் கையை வாங்கிப் பார்த்தாள். சுண்ணாம்பு பட்டு வெந்திருந்தது. "ஒரு சைக்கிளுக்காக இப்பிடியா கையப் புண்ணாக்குவாங்க?" என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். பிறகு அவனுக்கென்று மட்டன் சுக்கா செய்தாள். அவன் சாப்பிட்டான். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டான். இப்படி ஒரு ஆளை வாசகர் நம்புவாரா?

சக்கரம், பெடல் எல்லாம் மாட்டிச் சைக்கிளை அவளே பூட்டி முடித்தாள். "வர்ற ஞாயித்துக்கெழம ஆறு பேரு சிறுமலை ஏறுறோம்," என்றாள். "ஏறுறது கெடக்கட்டும். பதினெட்டு வளைவு எறங்கணும்ல, அதுக்குத்தாங்க இம்புட்டும்."

5

முடிவுகள்:

முதல் வளைவிலேயே பஞ்சர். எல்லோரும் டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். [எழுதிய எனக்கே வெட்கமாக இருக்கிறது.]

ஃப்ரேம் தாங்கிவிடுகிறது. ரஃபீக் வாழ்நாள் முழுக்கச் சுக்கா சாப்பிடுகிறான். [அதற்கு அடுத்த ஞாயிறு? அதற்கும் அடுத்தது?]

இறக்கத்தில், பதினோராவது வளைவில், அவள் பிரேக்கைப் பிடித்தபோது கீழ்க்குழாய்—

[முடியாது. மூன்று தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் தாளைக் கிழித்துப் போட்டேன்.]

6

ஏன் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். ரஃபீக் என்று எனக்கு நண்பன் யாரும் கிடையாது. அது என் ஆதார் அட்டையில் இருக்கிற பெயர்.

பாஸிலா, நான் எழுதுவதை முதலில் வாசித்துத் தப்புத் திருத்துகிறவள் நீ. முதல் பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பாய். ஆனாலும் டீச்சராயிற்றே, முழுப் பேப்பரையும் பார்த்துவிட்டுத்தான் முட்டை போடுவாய். நேரில் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன். நாலு தடவையும் "வெள்ளை எடுப்பா இருக்குல்ல?" என்றுதான் வந்தது. அதனால்தான் இந்தச் சுற்றுவழி.

பயமாக இருக்கிறது பாஸி. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது முதல் பயம். நீ என்ன சொல்வாயோ என்பது இரண்டாவது. [வரிசையைச் சரிபார்த்துவிட்டேன். இதுதான் வரிசை.]

இன்று சனிக்கிழமை. சைக்கிள் படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறது. பெடல் சேரும் இடத்திலிருந்து நாலு விரல் மேலே, கீழ்க்குழாயின் அடியில், சாவி முனையால் கீறிப் பார். வெள்ளைக்குக் கீழே பட்டி வரும். பட்டிக்குக் கீழே என் லட்சணம் வரும்.

நான் மொட்டை மாடியில் இருக்கிறேன், கூப்பிட்டால் வருவேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் சிவப்புப் பேனாவை இந்தத் தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இதற்குக் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன், அது உனக்கு. போதாவிட்டால் பின்பக்கமும் எழுதிக்கொள்.