எந்த வூடு பாக்கி?

திருத்தணி திரௌபதியம்மன் கோயில் திடலில் முப்பதடி நீளத்துக்குப் படுத்திருந்த மண் துரியோதனன், செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்தான். மலைப்படி ஏறியவர்கள் அவன் தலையைப் பார்த்தார்கள். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனது. அவன் படுத்தால்தான் பீமன் தொடையில் அடிப்பான், அடித்தால்தான் பாஞ்சாலி கூந்தல் முடிவாள். பாரதக் கூத்து அப்படியே நின்றது.

மற்றவர்களுக்கு வேடிக்கை, கல்பனாவுக்கு வயிற்றுப்பாடு. தெருக்காரர்களே ஆடும் அந்தக் கூத்தில் அவள்தான் பாஞ்சாலி. சூதாட்ட நாளிலிருந்து தலையை விரித்துப் போட்டிருந்தாள். விரித்த தலையோடு விசைத்தறிப் பக்கம் யார் விடுவார்கள்? திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் என்று அம்மையார்குப்பம் முதலாளி சொல்லிவிட்டார். பேசாமல் முடிந்துகொள் என்றாள் அம்மா. அம்மனுக்கு நேர்ந்துகொண்டதைப் பாதியில் விட்டுவிட முடியுமா என்ன!

விழாக் கமிட்டித் தலைவர் கோதண்டம் நல்ல மனிதர், அவசரக்காரர். வீட்டுக்கு ஒரு கூடை மண் வாங்கிப் பிசைவதுதான் வழக்கம். யார் அலைவது என்று இந்த முறை ஏரி மண்ணை லாரியில் இறக்கி, ஜேசிபி வைத்து ஒரே காலையில் ஆளைச் செய்துவிட்டார். எழுந்து உட்காராமல் என்ன செய்வான்? கயிறு கட்டி இழுத்தார்கள். அவன் கொட்டாவி விட்டான்.

கல்பனா கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். மண் கொடுத்தவர்கள் பிசையவும் வந்தார்கள். மூன்று வருஷமாகப் பேசாத இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரே காதை அப்பினார்கள். சனிக்கிழமை மதியம் அவன் படுத்தான். வலது முட்டி மட்டும் இறங்கவில்லை.

எல்லா வீடும் சரி என்று கோதண்டம் சாதித்தார். உட்கார்ந்தபோது தெருக்கோடிவரை பார்த்துவிட்டவனை இனி ஏமாற்ற முடியுமா? கல்பனா தெருக்கோடிக்கு நடந்தாள். அங்கே தபிதாள் வீடு.

"அவுங்க சர்ச்சுக்குப் போறவங்கம்மா, எப்படிக் கேக்கறது?" என்று பின்னாலேயே வந்தார் கோதண்டம்.

"இத்தன வருஷமா நீங்களே முடிவு பண்ணிகினு இருந்தீங்களா?" என்றாள் தபிதாள். "கேட்டிருந்தா குடுத்திருக்கமாட்டமா?"

கோதண்டத்துக்கு முகம் தொங்கிவிட்டது. தபிதாள் முருங்கையடியில் மண் வெட்டி, தானே இடுப்பில் சுமந்து வந்து முட்டியில் அப்பினாள். முட்டி இறங்கியது. ஞாயிறு பீமன் அடித்தான். திங்கள் காலை முதல் பஸ்ஸில் கல்பனா இறுக்கிய கொண்டையோடு வேலைக்குப் போனாள்.

அதன்பிறகு வருஷா வருஷம் அவன் எதையாவது தூக்கிக்கொண்டுதான் படுக்கிறான். போன முறை கால் கட்டைவிரல். தேடிப்போனால், புதிதாகக் குடிவந்த வீடொன்றில் தண்ணீர்க் குழாயே இல்லை. மண் வாங்கினார்கள், தெருவே கையெழுத்துப் போட்டு நகராட்சியில் மனு கொடுத்தது, குழாய் வந்தது. இந்த வருஷம் இடது முழங்கை. யாரும் பதறவில்லை. "எந்த வூடு பாக்கி?" என்று கேட்டுக்கொண்டே கல்பனா கூடையை எடுத்தாள்.