மலைக்கோட்டையை நகர்த்தியது யார்?

யாரையும் சட்டென்று நம்புகிற சுபாவம் எனக்குக் கிடையாது. பூசைக்குப் போனால்கூட, கோயில் வாசலில் செருப்பை விடும் முன் நாலு பக்கமும் பார்ப்பேன். 1984-ல் எங்கள் சர்வே கம்பெனி முழுக்க இந்த வியாதி தொற்றிக்கொண்டது.

ஸ்ரீரங்கத்திலிருந்து முசிறி வரை போகப்போகும் உயரழுத்த மின்கம்பிக்குக் கோபுரங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது எங்கள் வேலை. கணக்குப் போடுவது நான், டோரதி. முந்தின வருஷமே சர்வேயர் பிச்சமுத்து, தேசிய வரைபடக் கணக்குப்படி நாலு இடத்தில் கல் நட்டிருந்தார்: கொள்ளிடக் கரை, மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை, முசிறி. கல்லுக்கு அடியில், முழங்கால் ஆழத்தில், ஒரு பிடி அடுப்புக்கரி போட்டு மூடுவது அவர் வழக்கம். கல் போனாலும் கரி மக்காது என்பார். கரிப்பையோடு அவர் கிளம்பும்போதெல்லாம், "என்ன பிச்சமுத்து, இஸ்திரிக் கடை போட்டாச்சா?" என்று ஆபீசே சிரிக்கும்.

அப்புறம் அந்தப் பெட்டி வந்தது. டிரங்குப் பெட்டி அளவு. செயற்கைக்கோள் தலைக்கு மேலே போகப் போக, நாம் நிற்கிற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எண்ணாகச் சொல்லும். மெட்ராஸில் பயிற்சி எடுத்து வந்த என்ஜினியர் விக்டர், அதை வேறு யாரையும் தொட விடமாட்டார். நாலு கல்லின் பக்கத்திலும் பெட்டியை வைத்து, வந்த எண்களை அப்படியே வரைபடத்தோடு ஒப்பிட்டார். மூன்று கற்கள் இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தன. திருவெள்ளறைக் கல் மட்டும் அச்சாகப் பொருந்தியது.

கல்லை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். யாரென்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் பிச்சமுத்துவைப் பார்த்தார்கள். தோட்டத்தில் கோபுரம் வராமலிருக்க முசிறி வாழைத்தோட்டக்காரர் எவரோ அவரைப் பணத்தால் கவனித்திருப்பார் என்று பேச்சு. பிச்சமுத்து ஜீப்பில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். சில நாளில் அவர் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். திங்கட்கிழமைக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் வேலையும் போகும், போலீஸ் கேஸும் வரும் என்று மேனேஜர் அமிர்தராஜ் சொல்லிவிட்டார். கல் நகர்த்தினான் என்று பெயர் வந்தால் அப்புறம் எந்தக் கம்பெனியும் ஒரு சர்வேயரை வாசலில்கூட நிறுத்தாது.

நானும் கேட்டேன்.

"கல்ல நகத்துனீங்களா பிச்சமுத்து?"

"நட்ட எடத்துலதான் இருக்கு மேடம். வேற என்ன சொல்லச் சொல்றீங்க?" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

"மடியில கனமில்லேன்னா வழியில பயம் எதுக்கு? நின்னு பேச வேண்டியதுதானே," என்றார் விக்டர்.

எனக்கும் அவர்மேல் சந்தேகம் இருந்தது. ஆனால் எண்கள்மேல் அதைவிடப் பெரிய சந்தேகம். மூன்று கல்லும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே தூரம் தள்ளியிருந்தன. கள்ளனுக்கு இத்தனை ஒழுங்கு எதற்கு? பெட்டியே நாலைந்து மீட்டர் தடுமாறும் என்கிறார்கள், திருவெள்ளறைக் கல் மட்டும் எப்படி அச்சாகப் பொருந்தும்?

மலைக்கோட்டை உச்சிப் பாறையில் வெட்டிய பழைய சர்வே குறி ஒன்று உண்டு. வரைபடத்திலும் இருக்கிறது. அதை எவனாலும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பெட்டியை அங்கே வைத்துப் பார்க்கலாம் என்றேன். "பிள்ளையாருக்கும் சாட்டிலைட்டா?" என்று விக்டர் நக்கலடித்தார். அமிர்தராஜ் அரை மனதாகச் சம்மதித்தார். இரண்டு ஆட்கள் பெட்டியைச் சுமந்து படியேறினார்கள்.

வந்த எண்களை அமிர்தராஜ் மேஜையில் வைத்தேன்.

"மூணு கல்லையும் பிச்சமுத்து நகத்துனாரு, சரி. மலைக்கோட்டைய யாரு சார் நகத்துனா?"

அதே திசை, அதே தூரம்.

"அப்ப மெஷின் தப்பா?" என்றார் விக்டர்.

"மெஷினும் தப்பில்ல, மேப்பும் தப்பில்ல. முசிறி எவ்வளவு தூரம்னு நீங்க சத்திரம் பஸ் ஸ்டாண்டிலேருந்து அளக்குறீங்க, நான் ஜங்ஷன்லேருந்து அளக்குறேன். நம்பர் வேறயாத்தான் வரும். அதுக்காக முசிறி நகந்துடுச்சா?"

வரைபடம் போட்டவர்கள் பூமிக்கு ஒரு வடிவம் வைத்துக் கணக்குப் போட்டார்கள், செயற்கைக்கோள்காரர்கள் வேறு வடிவம் வைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்டினால்தான் ஒன்றின் எண் மற்றதற்குப் பொருந்தும். சரிக்கட்டிப் பார்த்தேன். மூன்று கல்லும் நட்ட இடத்திலேயே இருந்தன. எல்லோரும் மெச்சிய திருவெள்ளறைக் கல்தான் தப்பான இடத்தில் நின்றது. விக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் திருவெள்ளறைக்குப் போனோம். பிச்சமுத்து பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கல்லுக்கு அடியில் தோண்டினால் வெறும் மண். என் கணக்குப்படி அங்கிருந்து வடமேற்கே அளந்துகொண்டு போனதில் ராக்கம்மாளின் கடலைக்கொல்லை வந்தது. அங்கே நாலைந்து குழி வெறுமனே போயிற்று. பிச்சமுத்து வரப்பில் நின்றார். அடுத்த குழியில், முழங்கால் ஆழத்தில், மண்வெட்டி நுனியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. கரி.

எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ராக்கம்மாள் விக்டரைக் கைகாட்டினாள்.

"டிராக்டர் ஓட்டுனப்ப கல்லு பேந்து வரப்புல கெடந்துச்சுங்க. இந்தத் தம்பிதான் ஆள வச்சுத் தூக்கிட்டுப் போயி, பொட்டியப் பாத்துப் பாத்து அங்க நட்டாரு. ஏன், அவரு சொல்லலியா?"

"பழைய கல்லு அப்படியே இருக்குன்னு ஏன்யா எழுதிக் குடுத்தே?" என்றார் அமிர்தராஜ்.

"மெஷின் சொல்ற எடம்தான் சரின்னு நெனச்சேன் சார்," என்றார் விக்டர். ஒரு மனுஷன் பிழைப்பு போகப் பார்த்ததே என்று எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

அமிர்தராஜ் ஜீப்பின் முன்கதவைத் திறந்தார்.

"ஏறுங்க பிச்சமுத்து. முன்னாடி உக்காருங்க."

"பரவால்லைங்க சார். பஸ்லயே வரேன்."

நானும் ஜீப்பில் ஏறவில்லை. அவரோடு ரோட்டுக்கு நடந்து, பஸ்ஸுக்கு நின்றேன்.

"கரி கெடச்சிருச்சு. இப்பவாவது நிம்மதியா இருங்க," என்றேன்.

அவர் கையில் இருந்த கரித்துண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கெடைக்காம போயிருந்தா என்ன நம்பியிருப்பீங்களா மேடம்?"

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன். பஸ் வந்தது. என்னை முன்னால் ஏற விட்டார். என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.