லோர்னாவின் கிடேரி

லோர்னாவைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

நாங்கள் நாலு தலைமுறையாக விஸ்கான்சினில் பால்மாடு வைத்திருக்கிறவர்கள். அவள் டவுன்காரி, அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் இளைஞர் மன்றத்தில் சேர்ந்தாள். போன வருஷம் எங்கள் பக்கத்துப் பண்ணையில் ஒரு கன்றை வாங்கி, அங்கேயே கொட்டகையில் கட்டி வளர்க்க ஆரம்பித்தாள். வந்த புதிதில் மாட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. இப்போது என் அப்பாவே சாப்பாட்டு மேஜையில், "அந்தப் பொண்ணைப் பாரு பிரிட்டா. விடியறதுக்கு முன்னாடியே சைக்கிள்ல வந்து கன்னை நடக்கப் பழக்கிட்டு இருக்கா" என்கிறார். நானும்தான் விடியுமுன் எழுந்து பால் கறக்கிறேன். அதெல்லாம் யார் கண்ணிலும் படாது போலிருக்கிறது.

இந்த ஆகஸ்டு மாதக் கால்நடைக் கண்காட்சிதான் எனக்குக் கடைசி. அடுத்த வருஷம் மன்றத்தின் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். மாடு ஓட்டிக் காட்டும் போட்டியில் என் அண்ணன் முதல் பரிசான ஊதா ரிப்பன் வாங்கியிருக்கிறான், அக்காவும் வாங்கியிருக்கிறாள். நான்தான் பாக்கி. இதில் மாட்டின் அழகுக்கு மார்க் கிடையாது, ஓட்டுகிறவரின் கைக்குத்தான்.

கடைசிச் சுற்றில் நாங்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், காலுக்கடியில் மரத்தூள். நான் என் டச்சஸோடு, அவள் தன் பீனட்டோடு. இரண்டும் ஒரே வயதுக் கிடேரிகள். நடுவர் அம்மாள் எங்களை நிறுத்தி, "சரி, மாட்டை மாத்திக்குங்க" என்றார்.

மாற்றும்போது அவரவர் மாட்டின் குணத்தை ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். லோர்னா கயிற்றை என்னிடம் நீட்டினாள்.

"தலையைத் தொங்கப் போட்டா தாடைக்குக் கீழ சொறிஞ்சு விடு, தூக்கிருவா. பின்கால் தள்ளி வைக்கணும்னா தோளை லேசா அமுக்கு. அது போதும்."

அவள் பொய் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அடுத்து என் முறை. டச்சஸை இழுத்தால் அப்படியே நின்றுவிடும். கயிற்றைத் தளர்த்தினால்தான் நடக்கும். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நொடி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அப்படி வாங்கிய ரிப்பனை என்னால் வீட்டில் மாட்ட முடியாது.

"நின்னுட்டான்னா இழுக்காதே. கயிறை நல்லா லூசா விடு, தானா வருவா" என்றேன்.

லோர்னா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரி" என்றாள்.

பீனட் நடந்த நடையை என்னவென்று சொல்வது. நான் தோளைத் தொட்டதும் கால் சரியான இடத்துக்குப் போனது. தாடையைச் சொறிந்தேன், தலை நிமிர்ந்தது. ஒவ்வொரு நாள் காலையும் அவள் பட்ட பாடு என் கைக்குத் தெரிந்தது. நாலு தலைமுறை இருந்தும் டச்சஸை என்னால் இப்படிப் பழக்க முடியவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

எதிர்ப்பக்கம் டச்சஸ் நின்றுவிட்டது. லோர்னா இழுத்தாள். அது அசையவில்லை. "லூசா விடு" என்று வாயசைத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

நடுவர் மைக்கை எடுத்தார். "பிரிட்டா புது மாட்டை சட்டுனு புரிஞ்சுக்கிட்டா. அது பெரிய திறமை" என்று சொல்லி ஊதா ரிப்பனை என் கையில் கொடுத்தார். கைதட்டினார்கள். வேலியோரம் நின்றிருந்த அப்பா, "அந்தப் பீனட் என்னமா நடக்குது" என்றார். ரிப்பன் வாங்கிய அன்றைக்கும் அதைத்தான் சொன்னார்.

மாடு கழுவும் இடத்தில் கயிறுகளைத் திரும்ப மாற்றிக்கொண்டோம்.

"நீ சொன்னது நெஜந்தானா?" என்றாள் லோர்னா.

"நெஜந்தான். ஏன் நம்பல?"

"ஜூன் மாசம், மாட்டுக்கு முடி வெட்டுற மெஷினை ஒரு நாளைக்குக் குடுன்னு கேட்டேன். ரிப்பேர்னு சொன்னே. அன்னிக்கு சாயங்காலமே உங்க கொட்டகையில அது ஓடுற சத்தம் பக்கத்துப் பண்ணை வரைக்கும் கேட்டுச்சு."

மெஷினுக்கு அன்றைக்கு ஒரு ரிப்பேரும் இல்லை. ரிப்பனை அவளிடம் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். கொடுக்க மனம் வரவில்லை.

"மெஷின் இப்போ வண்டியிலதான் இருக்கு. எத்தனை நாள் வேணும்னாலும் வச்சுக்கோ" என்றேன்.

"வேணாம் பிரிட்டா. நான் கத்திரிக்கோல்லயே பழகிட்டேன்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். பீனட்டை ஓட்டிக்கொண்டு அவள் போனபோது கயிறு தொய்ந்து கிடந்தது. அது அவள் பின்னாலேயே போனது.