அக்கா இருக்கும் அறை

"பதினாலு," என்றார் பிரிவுத் தலைவியான டாக்டர் மெலெனாய்தே. பணிப் பட்டியல் நோட்டை லிசியாதேயின் பக்கம் திருப்பி வைத்து, சிவப்பு மையில் சுழித்திருந்த இடங்களைப் பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். "மூணு மாசத்துல பதினாலு பொம்பளைங்களை இனோக்கே தலையில கட்டிட்டு நழுவியிருக்க."

"எண்ணிக்கை சரியா இருக்கு டாக்டர். பிரசவம் நாப்பத்தஞ்சு, வேக்குவம் எட்டு. கேட்டதுக்கு மேலயே பண்ணியிருக்கேன்."

"எண்ணிக்கையை நான் கேட்டேனா?"

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. மகப்பேறு பிரிவில் பயிற்சி டாக்டராக லிசியாதேக்கு அதுதான் கடைசி நாள். கடல் கடந்து சுவாவில் நான்கு வருட மகப்பேறு மேற்படிப்புக்கு டோங்காவுக்கென்று அந்த வருடம் ஒரே ஓர் இடம். அதற்கான சிபாரிசுப் படிவம் மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். படிவம் மேசைமேல் கிடந்தது. பிரிவுத் தலைவரின் கையெழுத்துக்கான கட்டம் காலி. அதற்கு மேலே இன்னொரு கட்டமும் காலி: படிப்பு முடிந்தபின் எங்கே பணிபுரிவீர்கள் என்ற கேள்விக்கு எதிரே லிசியாதே மூன்று வாரமாக ஒன்றும் எழுதவில்லை.

"எனக்கும் அண்ணன் தம்பிங்க இருக்காங்க. மரியாதை தெரியாமப் பேசறேன்னு நினைக்காத," என்றார் டாக்டர். "டிசம்பரோட நான் நின்னுடறேன். அதுக்கப்புறம் இந்தத் தீவுல பிரசவத்துக்கு ஒத்த டாக்டர்தான். அந்த ஒத்த ஆள் யாருகிட்டப்பா மாத்திக்குவான்? மீன்காரன்கிட்டயா?"

"யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன் டாக்டர்."

"உனக்கு முன்னாடி ரெண்டு பேருக்குக் கையெழுத்துப் போட்டேன். ஒருத்தன் ஆக்லாந்து, ஒருத்தி பிரிஸ்பேன். கிறிஸ்துமஸுக்கு மறக்காம வாழ்த்து அனுப்பறாங்க. நீயும் போயிடு. அங்க உனக்கு அக்கா தங்கச்சித் தொல்லையே இருக்காது."

அந்தப் பேச்சு அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அதே நினைப்பு ஒருமுறை அவனுக்கே வந்திருந்ததுதான் காரணம்.

இந்த வடக்குத் தீவு அவனுடைய அம்மாவின் ஊர். இங்கே பயிற்சிக்கு வரப்போகிறேன் என்று சொன்ன அன்றே அம்மா உட்கார்ந்து அவனுக்கு அக்கா தங்கை முறையாகும் பெண்களின் பெயர்களை எழுத ஆரம்பித்தாள். நான்கு பக்கம் வந்தது. பெரியம்மா மகள், அத்தை மகள், மாமன் மகள் எல்லாரும் இங்கே கூடப்பிறந்தவர்கள்தாம். வேறு நினைப்புக்கே இடமில்லை. அக்காவோ தங்கையோ இருக்கும் அறையில் ஆண்பிள்ளை உட்கார மாட்டான். அவள் காதுபட கர்ப்பம், பிரசவம் என்று வாயெடுக்க மாட்டான். ஆண்கள் காவா வேர்ச்சாறு குடிக்கக் கூடும் இடத்தில் எவனாவது கொச்சையாகக் கேலி ஆரம்பித்தால், "என் அக்கா இருக்கா" என்று ஒருவன் முணுமுணுத்தால் போதும், அத்தனை பேரும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். இப்படி வளர்ந்தவனைப் பிடித்து லேபர் ரூமில் நிறுத்தினால் அவன் என்னதான் செய்வான்? கூடப் பயிற்சி செய்யும் இனோக்கே தெற்கேயிருந்து வந்தவன், இந்தத் தீவில் அவனுக்கு ஒரு பூனைகூடச் சொந்தமில்லை. நான்கு பக்கப் பட்டியலில் பெயர் இருந்தால் இனோக்கே, இல்லாவிட்டால் லிசியாதே என்று மூன்று மாதம் வண்டி ஓடிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை வண்டி நின்றது. மூளையில் காய்ச்சல் ஏறிய ஒரு பையனைத் தலைநகருக்குக் கொண்டுபோக, காலை விமானத்தில் இனோக்கே ஏறிவிட்டான்.

அவன் ஏறிய விமானம் கூரைக்கு மேலே இரைந்துகொண்டு போன நேரத்தில் கதவு திறந்தது. மருத்துவச்சி செலா தலையை நீட்டினாள். பருத்த உடம்பும் அதைவிடப் பெரிய சிரிப்புமாக இருபத்தாறு வருடமாக இந்தப் பிரிவை ஆள்பவள். அன்று அவள் சிரிக்கவில்லை.

"லூசெயானே வந்திருக்கா. முதப் பிரசவம். வலி நல்லாப் புடிச்சிருச்சு," என்றாள். பிறகு லிசியாதேயைப் பார்த்து, "உன் பட்டியல்ல முதப் பக்கம், முதப் பேரு," என்றாள்.

பெரியம்மாவின் மூத்த மகள். பத்து வயது வரை ஒரே பாயில் படுத்து, ஒரே மாமரத்தில் ஏறி, ஒரே குச்சியால் அடி வாங்கியவர்கள். பத்து முடிந்ததும் அவனைத் தனிக் குடிசையில் படுக்க அனுப்பினார்கள். அதன்பின் பதினெட்டு வருடத்தில் அவளோடு நேருக்கு நேர் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் புருஷன் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போயிருக்கிறான் என்பதுகூட மற்றவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

டாக்டர் மெலெனாய்தே நோட்டை மூடினார். "மதியம் எனக்குத் தியேட்டர்ல ஒரு சிசேரியன் இருக்கு. பிரசவம் பாக்க வேற டாக்டர் கிடையாது. என்ன செய்யப் போற?"

"போய்க் கேக்கறேன் டாக்டர்."

"யாரை?"

"அக்காவை."

அவனுடைய அலமாரியில் இடுப்புப் பாய் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, கோவிலுக்கும் சாவுக்கும் கட்டுவது. பச்சை நிற ஆஸ்பத்திரி உடுப்புக்கு மேலேயே அதைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். மன்னிப்பு கேட்கப் போகிறவன் பாய் இல்லாமல் போவதில்லை. லேபர் ரூமில் திரைக்கு வெளியே, சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். செலா திரைக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு காலாக நின்றாள். நடுவில் இருப்பது ஒரு துணிதான். ஆனாலும் இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் அவள்தான் திரும்பச் சொல்ல வேண்டும்.

"செலாம்மா, அக்காகிட்டச் சொல்லுங்க. இன்னிக்கு நான் ஒருத்தன்தான் டாக்டர். அக்காவுக்கு ஏதாவதுன்னா நான் உள்ள வரவேண்டி வரும். இப்பவே மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

செலா சொன்னாள். உள்ளே ஒரு வலி வந்து போனது.

"வேணாம்னு சொல்லு," என்றது லூசெயானேயின் குரல். "அவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? அவன் என் முகத்துல எப்படி முழிப்பான்? நீ இருக்கேல்ல செலா, போதும்."

"வேணாங்கறா," என்றாள் செலா.

"காதுல விழுந்துச்சு."

"காதுல விழுந்தாலும் நான் சொன்னாத்தான் கணக்கு."

அவனுக்கு அழுகை முட்டியது, அதோடு கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது? வேண்டாம் என்ற அக்கா மரியாதை தெரிந்தவள். கையெழுத்துப் போடாத டாக்டர் கேட்பதும் நியாயம். எழுந்து போய் டீ குடித்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் போகவில்லை. குழந்தையின் தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் வேக்குவம் கருவியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து உறிஞ்சுகிறதா என்று சோதித்தான். குழந்தைக்கான விளக்கைச் சூடாக்கினான். அதன்பின் திரைக்கு வெளியே அதே தரையில் வந்து உட்கார்ந்து, கால்மணிக்கு ஒரு தடவை செலா வாசித்த எண்களைத் தாளில் குறித்துக்கொண்டே இருந்தான். நான்கு மணிக்குப் போகவேண்டிய படிவம் நினைவுக்கு வரும்போதெல்லாம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

ஒன்றே முக்காலுக்குச் செலாவின் குரல் மாறியது.

"புள்ளையோட துடிப்பு எம்பது. ஏறல. தலை நல்லா இறங்கியிருக்கு, ஆனா வர மாட்டேங்குது." போனை எடுத்துத் தியேட்டரைக் கூப்பிட்டாள், இரண்டே வார்த்தை கேட்டுவிட்டு வைத்தாள். "வயித்தைத் திறந்தாச்சாம். முப்பது நிமிஷம் ஆகுமாம்."

முப்பது நிமிடம் அந்தக் குழந்தையிடம் இல்லை. லிசியாதே எழுந்து நின்றான். திரையைப் பிடித்த கை அப்படியே நின்றது. இன்னொரு முறை கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் லூசெயானே பேசினாள். இந்தத் தடவை செலாவிடம் அல்ல.

"லிசியாதே."

பதினெட்டு வருடம் கழித்து அவள் வாயால் அவன் பெயர்.

"நான் உனக்கு அக்கா. தம்பின்னா அக்கா சொல்லைத் தட்டக் கூடாது. உள்ள வா. மரியாதையை நாளைக்குப் பாத்துக்கலாம். இந்தப் புள்ளைக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கணும்."

அவன் பாயை அவிழ்த்து நாற்காலியில் வைத்தான். கையைக் கழுவி, உறையை மாட்டி உள்ளே போனான். செலா அதற்குள் அவள் நெஞ்சுக்கு நேரே ஒரு போர்வையைத் தூக்கிக் கட்டியிருந்தாள். அவள் முகம் இவனுக்கோ, இவன் முகம் அவளுக்கோ தெரியாது.

வேக்குவத்தின் கப்பைக் குழந்தையின் தலையில் வைத்தான். உறிஞ்சியது. வலி வந்ததும் இழுத்தான். தலை கொஞ்சம் இறங்கியது. அடுத்த வலிக்கு இழுத்தபோது கப் வழுக்கிக் கழன்று, சத்தத்தோடு அவன் கைக்கு வந்துவிட்டது.

"எழுபது," என்றாள் செலா.

எட்டு வேக்குவம் போட்டிருக்கிறான், ஒன்றுகூடக் கழன்றதில்லை. எங்கே தப்பு என்று அவனுக்கு உடனே புரிந்தது. அவன் பார்க்கவே இல்லை. கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, விரல் தடவிய குத்துமதிப்பில் கப்பை வைத்திருக்கிறான். அம்மா வளர்த்த வளர்ப்பு கண்ணைத் தானாகத் திருப்பிவிட்டது. பின்னால் வைக்க வேண்டியதை முன்னால் வைத்துவிட்டான்.

"அக்கா, நான் பாத்துதான் ஆகணும்," என்றான். நேராக அவளிடமே சொன்னான்.

"பாருடா. பாக்காம எப்படி எடுப்ப?" என்றது போர்வைக்கு அந்தப் பக்கம். அந்த வலியிலும் அது சின்ன வயதில் மாமரத்தடியில் அதட்டிய அதே குரல்.

அவன் பார்த்தான். பார்த்த பிறகு அது எல்லாப் பிரசவத்தையும்போல ஒரு பிரசவம். குழந்தையின் தலை, உச்சிக்குழி, அதிலிருந்து விரல் கணக்கில் பின்னால் ஓர் இடம். கப்பை அங்கே வைத்தான். "முக்குக்கா, நல்லா முக்கு, விட்டுடாத," என்று செலாவுக்குப் போட்டியாக அவனும் கத்தினான். தலை வந்தது, தோள் வந்தது. குழந்தை நீலம் பூத்துத் துவண்டு கிடந்தது. விளக்கடியில் கிடத்தித் துணியால் முதுகைத் தேய்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் வாய் எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்பதில் குழந்தை மூக்கைச் சுளித்தது. பதினொன்றில் அழுதது.

"பொண்ணு," என்றாள் செலா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தொண்டையைப் பாரு, அப்படியே உன் பெரியம்மா."

நஞ்சுக்கொடி விழுந்ததைச் சரிபார்த்து, கிழிசலைத் தைத்து முடித்து அவன் வெளியே வந்தான். பாயை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டுதான் மேசைக்குப் போனான். அக்கா சொன்ன அந்த 'நாளைக்கு' அப்போதே தொடங்கிவிட்டது.

மூன்று மணிக்கு டாக்டர் மெலெனாய்தே தியேட்டர் தொப்பியைக் கழற்றாமலே வந்து, அவன் எழுதிய குறிப்பை நின்றபடி படித்தார். இரண்டாவது வரியில் நிறுத்திச் சத்தமாக வாசித்தார்.

"'முதல் முறை கப் தவறான இடத்தில் வைக்கப்பட்டது. நோயாளி எனக்கு அக்கா முறை என்பதால் நான் பார்க்காமல் வைத்தேன்.' கப் கழன்றதுன்னு மட்டும் போட்டிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்களே?"

"நடந்தது அதுதான் டாக்டர்."

"தலையில வீக்கம்?"

"கொஞ்சம் இருக்கு. பால் குடிக்குது. மணிக்கு ஒரு தடவை பாக்கச் சொல்லியிருக்கேன்."

அவர் போய்க் குழந்தையைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பாராட்டு ஏதும் சொல்லவில்லை. அந்த அம்மாள் யாரையும் பாராட்டி எவரும் கேட்டதில்லை. பேனாவை மட்டும் அவன் பக்கம் உருட்டிவிட்டார்.

"என் கட்டத்தை நிரப்பியாச்சு. உன் கட்டம் காலியா இருக்கு."

லிசியாதே பேனாவைக் கையில் எடுத்தான். அவனோடு படித்தவன் ஆக்லாந்தில் வாங்கிய வீட்டின் படம் இன்னும் அவன் போனில் இருக்கிறது. அங்கே வேலைக்கு நேரம் உண்டு, தூங்க நேரம் உண்டு, மாற்றிக்கொள்ள இருபது டாக்டர்கள் உண்டு.

செலா குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"லூசெயானே ஒரு சேதி சொல்லச் சொன்னா. நேர்ல சொல்ல மாட்டாளாம், இனிமே பழையபடிதானாம்." அவள் சிரிப்பு திரும்பி வந்திருந்தது. "இவ உனக்கு ஃபாஹு. தாய்மாமன்கிட்ட என்ன வேணும்னாலும் கேட்டு எடுத்துக்குவா, நீ இல்லேன்னு சொல்லக் கூடாது. தெரியும்ல?"

"தெரியும் செலாம்மா. என்ன கேக்கறா? ஸ்டெதஸ்கோப்பா?"

"அதெல்லாம் வேணாமாம். நாலு வருஷம் கழிச்சு இவளுக்கு ஒரு தம்பி பொறக்கணுமாம். அப்ப இந்த ஆஸ்பத்திரில நீ இருக்கணுமாம். அதுதான் இவ முதல்ல கேக்கறது."

டாக்டர் மெலெனாய்தே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லிசியாதே குழந்தையைப் பார்த்தான். கப் வைத்த இடத்தில் வட்டமாக வீங்கி, ஒரு கண்ணை மட்டும் திறந்து அதுவும் அவனைப் பார்த்தது. அவன் குனிந்து, காலியாக இருந்த கட்டத்தில் இந்தத் தீவின் பெயரை எழுதினான். மணி மூன்று இருபது. படிவத்தை எடுத்துக்கொண்டு, இடுப்பில் பாயோடு அலுவலக அறைக்கு ஓடினான்.