பாடையில் படுத்தவர் சிரிக்க வேண்டும்

முகநூலில் 'மேகவீரன் ரசிகர் வட்டம்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. போன மாதம் அதில் 'மேகவீரன் தொடர் பற்றி உங்களுக்குத் தெரியாத இருபது விஷயங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். பதினோரு வருடம் அந்தத் தொடருக்கு உடுப்புத் தைத்தவள் நான். எனக்கே தெரியாதது என்னவாம் என்று வாசித்துப் பார்த்தேன்.

சிலது சரிதான். நாயகனுக்கு முதலில் வைத்த பெயர் மேகமூடன். மேகத்தால் தன்னை மூடிக்கொள்பவன் என்று அர்த்தம் பண்ணி வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'மூடன் வாறான்டா' என்று கத்தத் தொடங்கியதும், நாலாவது வாரமே அவன் மேகவீரன் ஆகிவிட்டான். தோளில் பறக்கும் சால்வை குடைத் துணி. வெள்ளிச் சப்பாத்து, தோட்டத்து ரப்பர் கம்பூட்ஸுக்குப் பெயின்ட் அடித்தது. அவன் தோன்றும்போது எழும் மூடுபனி, ஈர வைக்கோலோடு சாம்பிராணி போட்டு எரித்த புகை. உடுப்பைத் துவைத்தாலும் அந்த வாசம் போகாது.

ஆனால் ஆறாவது விஷயம் பச்சைப் பொய். 'எல்லாச் சாகசங்களையும் நாயகன் ஸ்ரீஸ்கந்தராசாவே செய்தார்' என்று எழுதியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். ஸ்கந்தராசா நல்ல மனிதர், வடிவான முகம். ஆனால் கதிரையிலிருந்து கீழே குதிக்கவே இரண்டு தரம் யோசிப்பார். முகமூடி போட்டுக் குதித்தது, பறந்தது, உருண்டது எல்லாம் என் வீட்டுக்காரர் அழகமுத்து.

பதினாலாவது விஷயம் இது: 'ஏழாவது வருடம் மேகவீரன் இறக்கும் காட்சியில் பாடையில் படுத்திருந்தவர் யார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.'

எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் அந்த வேலையில் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். நான் கெலிஓயாவில் தையல் கடை வைத்திருந்தவள். அவர் ஹுன்னஸ்கிரிய தோட்டத்து ஆள். மலைச் சரிவில் ஓடிப் பழகிய கால்கள். இடது கால் பெருவிரல் மட்டும் சிறுவயதில் முறிந்து உள்பக்கம் வளைந்திருக்கும். கட்டுக்கலையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் உடுப்பறை. ஒரே அளவில் இரண்டு உடுப்புத் தைத்து வைத்திருப்பேன், ஒன்று முகத்துக்கு, ஒன்று உடம்புக்கு. அவர் குதித்துவிட்டு வந்தால் உடுப்பைப் பிழிந்துதான் காயப்போட வேண்டும். அவ்வளவு வியர்வை.

ஏழு வருடம் குதித்தும் டிவியில் அவர் பெயர் ஓர் எழுத்து வந்ததில்லை. டூப் இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று டைரக்டர் இராமகிருஷ்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கு வயிறு எரியும். என் வீட்டுக்காரருக்கு எரியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இறக்கும் காட்சியைப் பழைய தெல்தெனியவில் எடுத்தார்கள். விக்டோரியா அணை கட்டியபோது அந்த நகரம் நீருக்குள் போய்விட்டது. மழை பொய்த்த வருடங்களில் நீர் இறங்கும். கடைகளின் அடிச்சுவர்களும் சிமெந்துத் தரைகளும் சேறு பூசிக்கொண்டு வெளியே வரும். அந்த வருடம் வந்திருந்தது. கடைத்தெருவாக இருந்த இடத்தில் பாடையை இறக்கி வைத்தார்கள்.

காலையில் வான் வண்டியில் வரும்போதே எங்களுக்குள் சண்டை. "இந்த தடவயாவது பேரு போடச் சொல்லிக் கேளுங்க. செத்து விழுறதுக்குக்கூடவா உங்க பேரு வரக்கூடாது?" என்றேன். அவர், "மொகம் தெரியாட்டி என்னா புள்ள, காலு தெரியுதில்ல" என்று சிரித்தார். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

ஸ்கந்தராசா பாடையைப் பார்த்ததும் பின்வாங்கினார். "நான் படுக்க மாட்டன் அண்ணை. எனக்கு ஏழரைச் சனி நடக்குது. அம்மாவுக்குத் தெரிஞ்சா உயிரை விட்டுடுவா." முகமூடி போட்ட பிணம்தானே, யார் படுத்தால் என்ன? அழகமுத்துவைப் படுக்கச் சொன்னார்கள். சொன்னதும் படுத்துவிட்டார். இறந்த வீரனின் கால் வெறுங்காலாகத் தெரிய வேண்டும் என்று டைரக்டர் சொல்ல, நான்தான் சப்பாத்தைக் கழற்றினேன். ஒரு வார்த்தை பேசாமல் கழற்றினேன்.

சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் எழுந்து கெமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கெமரா ஓட வேண்டும், சிரிப்பு பதிய வேண்டும். சாவு பொய், நான் இருக்கிறேன் என்று சாவுக்கே சொல்லிவிடுவது. அது முடியாமல் யாரும் சாப்பிடக்கூடப் போக மாட்டார்கள்.

அன்று காட்சி நன்றாக வந்தது. சிரிப்பை எடுக்கும்போது இராமகிருஷ்ணன் திடீரென்று, "ஸ்கந்தா, நீ அந்த மத்த உடுப்பப் போட்டுக்கிட்டு வந்து சிரி. இத வெளம்பரத்துக்கும் போட்டுக்கலாம்" என்றார். கெமராவைச் சுவருக்கு அந்தப் பக்கம் திருப்பினார்கள். ஸ்கந்தராசா முகமூடியைக் கழற்றி அழகாகச் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

படுத்தவர் ஒருவர், சிரித்தவர் இன்னொருவர். அந்த இடத்தில் அது தப்பு என்று உறுத்தியது எனக்கு ஒருத்திக்குத்தான். மற்ற உடுப்பைப் போட்டுவிட்டதும் நான்தானே. மற்ற நாளாக இருந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டேன். அன்று, படுக்கச் சொன்னதும் படுத்தாரில்லையா, அனுபவிக்கட்டும் என்று நின்றேன்.

சோறு சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவரைக் காணவில்லை என்று பார்த்தேன். வெயிலில் பாடையிலேயே கிடந்தார்.

"எழும்புங்க, என்ன படுத்தே கெடக்கீங்க?"

"இன்னும் கட் சொல்லலியே," என்றார்.

அன்று மாலை உடுப்பறையில் அவர் உடுப்பைக் கையில் எடுத்தேன். பகல் முழுக்க வெயிலில் கிடந்த உடுப்பு சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. குளிர்ந்திருந்தது. சாம்பிராணி வாசத்துக்குப் பதிலாகக் குளத்துச் சேற்று வாசம் வந்தது. மூன்று முறை சவர்க்காரம் போட்டேன், போகவில்லை.

அடுத்த வாரம் சோற்றுப் பார்சல் ஒன்று குறைந்தது. அதற்கடுத்த நாளும் ஒன்று குறைந்தது. எங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் கடைக்காரி சித்தி றலியாவிடம் போனில் சண்டை பிடித்தேன். "நான் ஆள எண்ணித்தானே கட்டுறேன் லெச்சுமி. ஒங்க டைரக்டரே பதிமூணுன்டுதான் சொல்றாரு," என்றாள். நாங்கள் பதினாலு பேர். என் பார்சலைப் பிரித்து இருவரும் சாப்பிட்டோம். அவருக்குப் பசியே இல்லை என்றார்.

பிறகு அந்தக் காட்சி டிவியில் போனது. என் மாமியார் பேச்சியம்மா ஹுன்னஸ்கிரிய தோட்டத்து லய வீட்டில் அதைப் பார்த்திருக்கிறார். ஊரெல்லாம் ஸ்கந்தராசாவுக்காக அழுதபோது, வளைந்த பெருவிரலைப் பார்த்து, "ஐயோ, என் மகன் காலு" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாராம். நாடகம்தான் என்று அவருக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் தாய் மனம். லயத்து ஆட்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்களாம். ஸ்கந்தராசா சிரித்த விளம்பரம் வந்தபோது யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்கு அது யாரோ ஒருவரின் சிரிப்பு.

அடுத்த மாதம் நாங்கள் இருவரும் அங்கே போனோம். அவர் அம்மாவுக்குப் பிடித்த சீனி பணிஸ் ஒரு பை நிறைய வாங்கி வந்தார். மாமியார் வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "வந்துட்டியா தாயி. இனி நீ தனியா எப்புடி இருக்கப்போற?"

"மாமி, என்னா பேசுறீங்க? இந்தா நிக்கிறாரே ஒங்க மகன்."

"அம்மா," என்றார் அவர்.

மாமியார் தோளில் கிடந்த துண்டை இழுத்து மூடிக்கொண்டார். "காத்து வருது, கதவச் சாத்து," என்றார். பணிஸ் பையை நான் வாங்கி உள்ளே வைத்தேன். சாப்பிடும்போது ஒரு தட்டுத்தான் வந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர், "அம்மாவுக்குக் கண்ணு மங்கிருச்சு புள்ள, டாக்டர்கிட்ட காட்டணும்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நான் அழுதேன். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். தெல்தெனியவுக்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை.

நேராக இராமகிருஷ்ணனிடம் போனேன். "அந்தச் சிரிப்ப திருப்பி எடுக்கணும் சேர்."

"அதான் எடுத்தாச்சே. ஸ்கந்தா சிரிச்சானே."

"படுத்தது அவரில்லயே."

அவர் நெற்றியைச் சுருக்கினார். வேஷம் போடவில்லை, உண்மையாகவே யோசித்தார். "அப்ப யாரு படுத்தா?" என்றார். என் வீட்டுக்காரர் முகமூடியைக் கையில் பிடித்தபடி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "மேகவீரனுக்குத் திரும்ப உயிர் வருதில்ல, பாயிறதுக்கு மாத்தளையில இருந்து ஒரு புது ஆள் வாறாரும்மா. அவருக்கு அளவு எடுத்துருங்க. நம்ம அழகமுத்து இருந்திருந்தா இந்தக் கரைச்சலே இல்ல," என்றார் டைரக்டர்.

அதற்குள் மழை பிடித்துவிட்டது. பழைய தெல்தெனிய மறுபடியும் நீருக்குள் போயிற்று. எந்த இடத்தில் படுத்தாரோ அந்த இடத்தில்தான் எழுந்து சிரிக்க வேண்டும். என் மனதுக்கு அப்படித்தான் பட்டது. வேறு யாரிடம் போய்க் கேட்பது? ஒரு வருடம் முழுக்க நீர் இறங்கக் காத்திருந்தேன். ஊரே மழைக்கு வேண்டியபோது கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் மழை வேண்டாம் என்று கும்பிட்டவள் நான் ஒருத்திதான். அந்த வருடத்தில் பால்காரர் எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே நின்று, "அம்மா தனிதானே, அரைப் போத்தல் போதும்தானே" என்றார். என் வீட்டுக்காரர் உள்ளே கதிரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் நீர் இறங்கியது. கைக்கு அடக்கமான ஒரு கெமராவை இரவல் வாங்கிக்கொண்டு நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். பட்டப்பகல், நல்ல வெயில், மேய்கிற மாடுகளைத் தவிர யாருமில்லை. அதே சிமெந்துத் தரை. அவர் உடுப்பைப் போட்டு, முகமூடியைக் கட்டிக்கொண்டு படுத்தார். சப்பாத்தை நான் கழற்றினேன்.

கெமராவை ஓட விட்டேன். "இப்ப எழும்புங்க. மொகமூடியக் கழட்டிட்டு இங்க பாத்துச் சிரிங்க."

எழுந்தார். கழற்றினார். பல் தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. "மறந்துபோச்சு புள்ள," என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கண்மண் தெரியவில்லை. "சிரிக்கக்கூட நான்தான் சொல்லிக் குடுக்கணுமா? படுன்னா படுப்பீங்க, பாயின்னா பாய்வீங்க, ஒங்களுக்குன்னு ஒரு வாய் கெடையாதா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதுவிட்டேன். ஒரு வருடமாக உள்ளே வைத்திருந்தது தானாக வெளியே வந்தது. "அன்னைக்கி எனக்குத் தெரியும்ங்க. ஸ்கந்தராசாவுக்கு உடுப்பு மாட்டுனதே நான்தான். படுத்தவருதான் சிரிக்கணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஒங்க மேல உள்ள கோவத்துல வாய மூடிக்கிட்டு நின்னேன். நான்தான் ஒங்கள இப்புடி ஆக்குனேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏ புள்ள," என்றார் மெதுவாக. "நீயா? வாய மூடிக்கிட்டா? நீயா?"

சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவருடைய அந்தப் பழைய சிரிப்பு. நானும் சிரித்தேன். எனக்குத் தெரிந்து அவ்வளவு சந்தோஷமாக நான் வாழ்க்கையில் இருந்ததில்லை. "கட்!" என்று என்னால் முடிந்த அளவு சத்தமாகக் கத்தினேன். மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

அவர் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, கெமராவின் சின்னத் திரையில் அதைப் போட்டுப் பார்த்தேன். எடுக்கும்போது நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் சிமெந்துத் தரை இருந்தது. அதற்கு மேல் வெயில் இருந்தது. என் குரல் எழும்பச் சொன்னது, கத்தியது, அழுதது. பிறகு கொஞ்சம் மௌனம். பிறகு ஒரு பெண் தனியாகச் சிரித்தாள்.

"வந்திருக்கா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"வந்திருக்கு," என்றேன். "நல்லா வந்திருக்கு."

"எங்க, காட்டு."

"பற்றரி முடிஞ்சிருச்சு," என்று சொல்லி மூடினேன். நம்பிவிட்டார். சேற்றுத் தரையில் எனக்கு முன்னால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நடந்தார்.

புதிய தெல்தெனிய நகரத்தில் அன்று சந்தை. கண்டி பஸ்ஸில் அடித்துப் பிடித்து ஏறி இரண்டு இடம் பிடித்தோம். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். நிற்க இடமில்லாத கூட்டம். மரக்கறிப் பையோடு ஏறிய ஒரு தோட்டத்துப் பெண் என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி ஒக்காருங்களேன்," என்றாள்.

"இல்லம்மா," என்றேன். "ஆள் இருக்கு."