மணையில் உட்கார வேண்டிய மனுஷன்

மகேஸ்வரன் கக்கூஸ் தொட்டியை எட்டிப் பார்த்தார். பார்த்திருக்கவே வேண்டாம். ஒரே சிவப்பு.

வெளியே நாதஸ்வரம் வாசிக்கிறார்கள். தம்போய் ஊர்க் கோயில் மண்டபம் முழுக்க அவர் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்த சனம். இன்னும் சற்று நேரத்தில் ஒரே மகள் தேன்மொழியைத் தாரை வார்த்துக் கொடுக்க அவர் மணையில் சப்பணம் போட்டு உட்கார வேண்டும். அதுவும் பளீரென்ற வெள்ளைப் பட்டு வேட்டியில். வீடியோக்காரர்கள் வேறு நாலு பக்கமும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரம் பார்த்தா வர வேண்டும் இந்தப் பாழாய்ப்போன ரத்தம்!

தப்பு முழுக்க அவருடையதுதான். கல்யாணத்தில் மணிக்கணக்காக உட்கார வேண்டுமே என்று பயந்து, மனைவி சந்திரமதியைத் தவிர யாருக்கும் தெரியாமல், போன வாரம் கிளினிக்குக்குப் போய் மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு வந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பம். ரப்பர் தன்னைக் கைவிடாது என்று நம்பினார் போலிருக்கிறது. டாக்டர் சின்னப் பொண்ணு, மகள் வயசு. அவள் படம் வரைந்து விளக்க விளக்க, மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு “ஓகே லா, ஓகே லா” என்று தலையாட்டினாரே தவிர ஒரு வார்த்தையைக் காதில் வாங்கவில்லை. அவ்வளவு வெட்கம். வளையம் போட்ட இடம் காய்ந்து விழ ஒரு வாரம் பத்து நாள் ஆகும், விழும்போது ரத்தம் வரலாம் என்று அவள் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

காகிதத்தைச் சுருட்டி வைத்து வைத்து எடுத்தார். எடுத்ததெல்லாம் சிவப்பு.

“ஏங்க, ஐயர் கூப்பிடுறாரு. உள்ள என்னதான் பண்றீங்க?” கதவுக்கு வெளியே சந்திரமதி.

“சந்திரா, ரத்தம்.”

“எவ்வளவு?”

“தொட்டியே செவந்துருச்சு. நான் செத்துருவேன் போல.”

“அலமாக்! நல்ல நாளும் அதுவுமா பேசுற பேச்சைப் பாரு.” சட்டென்று கிளினிக்குக்குப் போன் போட்டு, கதவிடுக்கு வழியாக உள்ளே நீட்டினாள்.

எடுத்தது ஒரு தமிழ் மிசி. அவள் நர்ஸ் வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி எத்தனை பேரைக் கேட்டிருப்பாளோ, பதற்றமே இல்லை.

“கட்டி கட்டியா வருதா அங்கிள்? எழுந்து நின்னா கண்ணு இருட்டுதா? இப்பவும் ஊத்துதா?”

எழுந்து நின்றார். கண் இருட்டவில்லை. கட்டி இல்லை. ஊற்றவும் இல்லை, சொட்டுச் சொட்டாகக் கசிந்தது.

“வளையம் விழுந்திருக்கும் அங்கிள். டாக்டர் சொன்னாங்கதானே? இப்படிக் கொஞ்சம் வரும். ஆனா மறுபடி ஊத்துச்சுன்னா, தலை சுத்துச்சுன்னா, கல்யாணமாவது ஒண்ணாவது, நேரா எமர்ஜென்சிக்குப் போயிருங்க. இல்லன்னாலும் தாலி கட்டி முடிஞ்ச கையோட இங்க வந்து காட்டிருங்க.”

பாதி உயிர் திரும்பி வந்தது. ஆனால் வேட்டி? இத்தனை சனத்துக்கு முன்னால் பின்பக்கம் சிவப்பாக எழுந்து நின்றால் அப்புறம் தம்போயில் தலைகாட்ட முடியுமா?

சந்திரமதி எங்கோ ஓடிப் போய்த் திரும்பி வந்தாள். கதவிடுக்கில் ஒரு சின்னப் பொட்டலம் நுழைந்தது. பெண்கள் வைத்துக்கொள்கிற பஞ்சு.

“என்ன கருமம்டி இது?”

“கருமமா? இந்தக் கருமம்தான் இன்னைக்கு உங்க மானத்தைக் காப்பாத்தப் போகுது. பசை இருக்கிற பக்கம் கீழ வரணும். ஒட்டிக்கிட்டு வாங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினார். ஒட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. சந்திரமதிக்கு அதெல்லாம் நின்று வருஷக்கணக்காகிறதே.

“இது யாருது?”

“மணி ஆகுதுங்க, வெளிய வாங்க,” என்றாள் சந்திரமதி.

“ஒன்னத்தான் கேக்குறேன்.”

“தேனு பையில இருந்துச்சு.”

மகேஸ்வரன் யார் என்று நினைத்தீர்கள்? அந்தக் கோயிலுக்கே தலைவர். வீட்டுக்குத் தூரமான பெண்கள் கோயில் வாசல்படியைத் தாண்டக் கூடாது என்று திருவிழாவுக்குத் திருவிழா எச்சரிக்கிறவர். போன வருஷம் ஒரு பெண் வீட்டார் இதே நிலைமையில் வந்து கையைப் பிசைந்து நின்றபோது, ஈவு இரக்கமில்லாமல் கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொன்னவர். சொந்த மகளுக்கும் கணக்குப் பார்த்துத்தான் நாள் குறித்தார்.

கதவைத் திறந்தார். சந்திரமதி அசையாமல் நின்றாள்.

“நேத்தே வந்துருச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா நிப்பாட்டிருவாருன்னு புள்ள விடிய விடிய அழுதுச்சு. நான்தான் வாய மூடிக்கிட்டு இருன்னு சொன்னேன். இப்ப சொல்லுங்க, நிப்பாட்டப் போறீங்களா? அவளை மட்டும் எழுப்பி விடுவீங்களா, இல்ல நீங்களும் மணையில உக்காராம வெளிய நிப்பீங்களா?”

கோபம் சுர்ரென்று ஏறியது. ஆத்தாளும் மகளுமாகச் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்களே! ஆனால் கத்தினால் எங்கே மறுபடி பீறிட்டுவிடுமோ என்று அந்தக் கோபத்தையும் மென்று முழுங்கினார். மணவறையைப் பார்த்து நடந்தார்.

ஒவ்வோர் அடியிலும் உள்ளே ஈரம் கசிந்தது. யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று பட்டது. இரண்டு தடவை கையைப் பின்னால் கொண்டு போய் வேட்டியைத் தடவிப் பார்த்தார். உட்காரும்போது ஊசியால் குத்தினாற்போல ஒரு வலி.

பக்கத்தில் தேன்மொழி. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. பூசியிருந்த பவுடரையும் மீறி முகம் வெளுத்தது. ஐயர் சொல்லி மகேஸ்வரன் அவள் கையைப் பிடித்தபோது அது ஜில்லென்றிருந்தது.

எதிரே அம்மன் சன்னிதி. ஏதாவது நடக்கும் என்று மகேஸ்வரன் காத்திருந்தார். விளக்கு அணையவில்லை. மின்விசிறி சுற்றியது, எங்கோ ஒரு குழந்தை பால் கேட்டு அழுதது, ஐயர் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே போனார்.

கறை பட்டிருக்குமோ, யாராவது பார்த்துவிட்டார்களோ என்கிற இந்தப் பயம் அவருக்கு ஒரு காலைப்பொழுதாகத்தான். மகளுக்கு? வயசுக்கு வந்த நாளிலிருந்து மாசா மாசம். அதுவும் அவருக்குப் பயந்து பயந்து. சொந்த வீட்டிலேயே!

அவர் மகள் பக்கம் குனிந்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், எழுந்து போ என்று சொல்லப் போகிறார் என்று.

“வயிறு வலிக்குதாம்மா?”

பெற்ற நாளிலிருந்து அவர் கேட்டிராத கேள்வி. தேன்மொழி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். உதடு துடித்தது.

“ரொம்ப வலிக்குதுப்பா.”

“என் மேல சாஞ்சுக்க,” என்று மகேஸ்வரன் தோளை அவள் பக்கம் தள்ளிக் கொடுத்தார்.