இன்னும் கலையாத சங்கம்

எங்கள் வேதபாடசாலையில் போன மழைக்காலத்தில் ஒரு சங்கம் கூடியது. இன்னும் கலையவில்லை. காரணம் நான்தான். நான் அதன் பேரரசன்.

என் வீட்டுக்காரி ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள். பெரிய மீன் கதையை அவள் எடுத்தால் ஆலயத்துப் பூனை முன்வரிசையில் வந்து உட்கார்ந்து நாக்கைச் சுழற்றும். சபைக் கமிட்டி திடீரென்று ஒரு சட்டம் போட்டது: வேதபாடசாலைச் சான்றிதழ் இல்லாதவர்கள் இனி பிள்ளைகளுக்குப் போதிக்கக் கூடாது. "அவ்வளவுதானே?" என்று மாலை வகுப்பில் சேர்ந்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

தையல் கடைக்கு மேலே மாடியறை. முதல்வருக்கு நாங்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு; அந்த உயரம், அந்தக் குரல். அவர் திரித்துவத்தை விளக்கிய அன்று கரும்பலகை வளைந்துவிட்டது. சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள், இன்னும் நிமிரவில்லை.

சபை வரலாற்றில் கடைசிப் பாடத்துக்கு அங்கே ஒரு வழக்கம். எது சரியான போதனை, எது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல ஆயர்கள் கூடிய பழைய காலத்துச் சங்கம் ஒன்றை நடித்துக் காட்ட வேண்டும். சீட்டுக் குலுக்கி ஒருவர் கள்ளப்போதகர், ஒருவர் பேரரசர், மற்றவர்கள் ஆயர்கள். கள்ளப்போதகர் வாதாடி முடித்து, முழங்கால் போட்டு, தன் போதனை தப்பு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஃபெயில். பேரரசர் எழுந்து நின்றால்தான் சங்கம் முடிந்ததாகக் கணக்கு. அதுவரை தீர்ப்பு செல்லாது.

எனக்குப் பேரரசர் சீட்டு விழுந்தது. சும்மா உட்காரும் வேலை, நமக்குத் தோதானது. அவளுக்குக் கள்ளப்போதகர். போதனையும் சீட்டிலேயே இருந்தது: ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்கும் பரலோகம் உண்டு.

எங்கள் மூத்தது பிறந்த அன்றே போய்விட்டது, தண்ணீர் தெளிக்க ஆள் வருவதற்குள். அவள் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வாதாடினாள் பாருங்கள், கீழே தையல் மெஷின்கள் தாமாக நின்றுவிட்டன. "பிள்ளைங்கள மடியில ஏத்தி வச்சுக்கிட்டாரே இயேசு, யார்கிட்டயாவது சர்டிபிகேட் கேட்டாரா?"

"பிரமாதம்மா! நூத்துக்கு நூறு" என்றார் மணிக்கூண்டு. "இப்ப முழங்கால் போடுங்க."

"மாட்டேன்."

"அம்மா, நானே அந்தத் தீர்ப்ப நம்பல. ஆனா வரலாறு அப்படித்தானே நடந்திருக்கு?"

"அப்ப வரலாறு தப்பா நடந்திருக்கு. திருத்திக்குங்க."

ஆயராக இருந்த பேக்கரிக்காரர் குறுக்கே வந்தார். "விடுங்கக்கா, நடிப்புதானே?"

"நடிப்புக்குக்கூட என் புள்ளைய விட்டுக் குடுக்க மாட்டேன் தம்பி."

மணிக்கூண்டு என் பக்கம் திரும்பினார். "பேரரசரே, எந்திரிங்க. முடிச்சுடலாம்."

"மூட்டு புடிச்சுக்கிச்சுங்க ஐயா."

"கை குடுக்கட்டுமா?"

"பேரரசர் மேல கை வைக்கலாமா? கூடாதுன்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க?"

அவர் தலையணை கனத்துக்கு இருந்த சபை வரலாற்றைப் புரட்டினார். உட்கார்ந்த பேரரசரை எழுப்புவதற்கு அதில் வழி ஏதும் இல்லை.

ஆகவே ஆயர்கள் என்னை நாற்காலியோடு தூக்கி வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். மாடிப்படியில் பேக்கரிக்காரர் முனகினார்: "மகாராஜா கொஞ்சம் இளைச்சிருக்கலாம்." அன்றிலிருந்து சாப்பாடு, தூக்கம், ஜெபம் எல்லாம் நாற்காலியில்தான். இடது பக்கக் கால் ஒன்று துளிர்விட்டு மூன்று இலை வைத்திருக்கிறது.

கமிட்டி சான்றிதழைக் கேட்டது. "கேஸ் நடந்துக்கிட்டிருக்கு. தீர்ப்பு வராம நான் எப்படி ஃபெயில்?" என்றாள். சட்டம் படித்த உறுப்பினர் ஒருவர் மூக்கைச் சொறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஞாயிறு தவறாமல் அவள் கதை சொல்கிறாள். முன்வரிசையில் நானும் நாற்காலியும் பூனையும்.

போன வாரம் மணிக்கூண்டு வீட்டுக்கு வந்தார். தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் தைலம் தேய்த்தார்.

"இப்ப எப்படி இருக்கு, பேரரசரே?"

"ரொம்ப மோசம்."

வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்படியே பாத்துக்குங்க."